மெசபடோமியாவில் அடிபட்ட வனமாமலை

உலகத்தில் அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. நாடியைப் பிடித்து நோய் சொல்கிறவர்கள் உண்டு. மண்ணை முகர்ந்து தண்ணீர் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு தலையை ஏறெடுத்தும் பார்க்காமல், அதன் மேல் இருந்த இரும்புத் தொப்பியை மட்டும் பார்த்து, அந்தத் தலைக்கு என்ன நேர்ந்தது என்று விலாவாரியாகச் சொல்லக்கூடிய மகான் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஒரகடத்தில், கார்க் கதவுக்குத் தகடு அழுத்தித் தரும் ஒரு கம்பெனியில், ‘பிளாண்ட் ஹெட்’ என்னும் பதவியில் எழுந்தருளியிருந்தார். பெயர் ஹேமந்த். அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் வேலை செய்ய முற்பிறவியில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். வனமாமலை செய்திருந்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக.

ஹேமந்த் சாருக்குப் பழைய ராணுவ இரும்புத் தொப்பிகளைச் சேர்ப்பதில் பற்று. ‘பொழுதுபோக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும். ‘ஆராய்ச்சி’ என்று சொல்ல வேண்டும். அவருடைய அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி. தாம்பாளம் போல விரிந்தது ஆங்கிலேயருடையது. காதை மூடி இறங்குவது ஜெர்மானியருடையது. உச்சியில் சேவல் கொண்டை மாதிரி ஓடுவது பிரெஞ்சுக்காரருடையது. ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் நாடு, போர், அடிபட்ட விதம். இரும்புக்கு வேர்க்கக் கூடாது என்று அலமாரிக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. மாவட்டம் முழுக்க மின்வெட்டு. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மின்விசிறி நின்றால் நின்றதுதான். அலமாரிக்கு மட்டும் ஜெனரேட்டரிலிருந்து தனி வயர். வனமாமலை அந்த வயரைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த ஜென்மத்தில் இரும்பாய்ப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வான். தகடாய் அல்ல. தொப்பியாய்.

அலமாரியைத் துடைக்கும் பொறுப்பு செந்தாமரையிடம் இருந்தது. சேரப்பணஞ்சேரிக்காரி. ஹவுஸ்கீப்பிங்கில் அவளுக்கு மட்டும்தான் அலமாரிச் சாவி. மஞ்சள் மென்துணியால், வட்டமாக, மூச்சு படாமல் துடைக்க வேண்டும் என்று சார் அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருந்தார். தன் பிள்ளையைக்கூட அப்படித் துடைத்துவிட்டதில்லை என்று அவள் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சார் ஒரு தொப்பியை அடையாளம் காணும் காட்சி இருக்கிறதே, அது பூஜை. முதலில் விளிம்பைத் தடவுவார். பிறகு ஆணிகளை எண்ணுவார். பிறகு பூதக்கண்ணாடி வைத்து உள்விளிம்பில் முத்திரை தேடுவார். பிறகு கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். கடைசியில்தான் பள்ளம். பள்ளத்தில் கட்டை விரலை வைத்தாரானால் அறையில் யாரும் இருமக்கூடாது. அந்தப் பள்ளம் அவரிடம் பேசும். குண்டா, கல்லா, குதிரைக் குளம்பா, எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில், ஆள் பிழைத்தாரா, பிழைத்தால் எப்படிப் பிழைத்தார் எல்லாம் சொல்லும். தொப்பிகளைப் பெட்டி பெட்டியாக வெளிநாட்டு ஏலத்தில் எடுப்பார். பிரித்து வைத்து, இன்னும் ஆராயப்படாதவற்றை அலமாரியின் அடித்தட்டில் ‘ஆய்வில்’ என்ற அட்டையோடு விட்டுவைப்பார். இந்த அடித்தட்டை மறந்துவிடக் கூடாது. நம் வரலாறு அங்கேதான் திரும்புகிறது.

இனி வரலாற்றின் நாயகன். வனமாமலைக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். ஐடிஐ ஃபிட்டர். ஊர்ப் பையன்கள் சிலரோடு சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். கம்பெனியில் தலைகளுக்கு நிறம் உண்டு. அதிகாரித் தலைக்கு வெள்ளை ஹெல்மெட், நிரந்தரத் தலைக்கு நீலம், ஒப்பந்தத் தலைக்கு மஞ்சள். வெள்ளையும் நீலமும் கம்பெனி கொடுக்கும். மஞ்சளை ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கோபால், வாலாஜாபாத்தில் பெரிய வீடு, கையில் பெரிய செயின், மனசும் பெரிது. பிளாஸ்டிக் ஹெல்மெட் விற்கிற விலையைக் கேட்டு அந்தப் பெரிய மனசு நொந்துபோய், அவர் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனார். அங்கே பழைய பித்தளை, ஓடாத கடிகாரம், ஊமை ரேடியோ இவற்றுக்கு நடுவில் ஒரு கோணி நிறையப் பழைய பட்டாளத்து இரும்புத் தொப்பி எடைக்குக் கிடந்தது. ஏற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் எனாமல் அடித்தார். நாடா அறுந்து போனவற்றுக்குத் தகட்டுச் சுருளைக் கட்டிவரும் நைலான் பட்டையை வெட்டிக் கோத்தார். கம்பெனி கேட்டது மஞ்சள், மஞ்சள் கொடுத்தாயிற்று.

“இன்னாபா, இரும்புடா இது. உங்க அப்பன் தலைல கூட ஏறாத இரும்பு,” என்று பெருமையோடு வினியோகித்தார்.

பையன்கள் அதற்கு ‘வடைச்சட்டி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஷிஃப்ட் போட்டால் கழுத்து உள்ளே போய்விடும். அது சொந்தமும் இல்லை. ஒரு ஷிஃப்ட் கழற்றிக் கொடுத்ததை அடுத்த ஷிஃப்ட் சூட்டோடும் வேர்வையோடும் வாங்கி மாட்டிக்கொள்ளும். வனமாமலைக்குக் கிடைத்தது மற்றவை மாதிரி இல்லை. விளிம்பு மடிக்காமல் வெட்டினது வெட்டினபடி இருக்கும், காதைக் கீறும். அதனாலேயே அவனிடமிருந்து யாரும் கேட்டு வாங்கவில்லை. கொஞ்ச நாளில் அதற்கும் அவனுக்கும் பழகிவிட்டது. மார்க்கர் பேனாவில் எழுதினால் வேர்வையில் போய்விடுகிறது என்று, தகட்டில் கோடு கிழிக்கிற ஊசியால் உள்பக்கம் தன் பெயரைக் கீறிவைத்தான்.

இத்தனை தொப்பிகளும் ஹேமந்த் சாரின் காலடியிலேயே நடமாடிக்கொண்டிருந்தபோது, அவர் ஏன் பார்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அது கேட்பவர்களின் அறியாமை. சார் ஷாப்புக்குள் வந்தால் தரையில் பச்சை அடித்த விருந்தினர் பாதையில்தான் நடப்பார். பச்சைப் பாதையிலிருந்து பார்த்தால் உற்பத்தி தெரியும், தலை தெரியாது.

மாசி மாதம் ஒரு பகல். பிரஸ்ஸின் மேல்தட்டில் யாரோ மறந்துவைத்த டை கிளாம்ப் என்னும் கனத்த இரும்புக் கவ்வி, பிரஸ் ஓடுகிற ஓட்டத்தில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, கீழே குனிந்து தகட்டுத் துண்டை இழுத்துக்கொண்டிருந்த வனமாமலையின் தலையில் இறங்கியது. பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. வடைச்சட்டி காப்பாற்றியது. வலது பக்கம் ஒரு பள்ளம் வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவைத்தது. வனமாமலை கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்து ஷிஃப்டை முடித்தான். மறுநாள் காலையில் கழுத்து திரும்பவில்லை. அடுத்த வாரம் வலது கையில் விரல்கள் மரத்துவிட்டன. டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க இன்னொருவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஸ்பானர் பிடிக்கிற கை அது. அதை நம்பித்தான் ஊரை விட்டு வந்திருந்தான்.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எழுத்தர் ஞானம்மா அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கை என்றார். வேலையில் பட்ட அடி என்று கம்பெனி ஒரு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுக்கட்டும். காயத்துக்கு உண்டான விடுப்பு, வைத்தியம் எல்லாவற்றுக்கும் வழி செய்யலாம் என்றார். அதுவரைக்கும் தடவிக்கொள்ள ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு வரி. வனமாமலை அதைக் கேட்டுப் பாதுகாப்பு அதிகாரி அந்தோணிராஜிடம் போனான்.

அந்தோணிராஜும் தெக்கத்திக்காரர்தான். தூத்துக்குடிப் பக்கம். ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று வனமாமலையைத் தோளில் தட்டுகிறவர். அன்றைக்கும் தட்டினார், வலிக்காத தோளாகப் பார்த்து. பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டில் இருந்த பலகையைக் காட்டினார். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் மாட்டியிருந்தது. அந்த எண் ஒரு பெரிய எண்ணைத் தொடப்போகிற நேரம். தொட்டால் பாதுகாப்பு வாரத்தில் விழா, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருவார்கள், எல்லோருக்கும் பிரியாணி.

“விபத்துன்னு எழுதினா பலகையில முட்டை விழும் வனமாமலை. அவ்வளவு பேர் பிரியாணியில மண்ணள்ளிப் போடுதியா நீ?”

“பிரியாணி வேண்டாம் சார். கை வேணும்.”

“சரி, அடிபட்டதுக்கு என்ன ஆதாரம்? பள்ளம் விழுந்த ஹெல்மெட்டைக் கொண்டா, எழுதித் தாரேன். இல்லேன்னா ஹெல்மெட் போடாம நின்னதா எழுதுவேன். அப்போ தப்பு ஒம் மேல வந்துரும், பாத்துக்கோ.”

ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னவர், அன்று காலையிலேயே அதைப் பிடுங்கிப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டிருந்தார். சொல்வதற்கு முன்பே செய்துவைக்கும் இந்த முன்யோசனைக்குத்தான் கம்பெனி அவருக்கு வெள்ளை ஹெல்மெட் கொடுத்திருந்தது.

வனமாமலை கேன்டீன் பின்பக்கம் செந்தாமரையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னான். அவள் குப்பைத் தொட்டிகளுக்கு எல்லாம் ராணி. மாலை லாரி வருவதற்குள் தொட்டியைக் கிளறி, தொப்பியை எடுத்து, தரை துடைக்கும் துணி வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள். ஆனால் கேட்டைத் தாண்ட முடியாது. செக்யூரிட்டிக்காரன் பெண்களின் சோற்றுப் பையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பான். இரும்பு என்றால் திருட்டு. வெளியே கொண்டுபோக வழி கிடைக்கும்வரை உள்ளேயே எங்காவது வைக்க வேண்டும். லாக்கரைத் திடீர்ச் சோதனை போடுவார்கள். ஸ்டோரை அந்தோணிராஜ் ஆள்கள் கிளறுவார்கள். யோசித்துப் பார்த்தாள். அந்தத் தொழிற்சாலையில் பள்ளம் விழுந்த தொப்பிக்கு மரியாதை உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“சாமி அறை மாதிரி அது,” என்றாள் வனமாமலையிடம். “யாரும் கை வெக்க மாட்டாங்க. சாவி எங்கிட்ட கீது. சாரு வேற வெளிநாடு போய்கீறாரு. அடித்தட்டுல, பின்னால தள்ளி வெச்சுட்டேன். அதோட ஜாதிக்காரங்களோட குந்திகினு கீது, போ.”

தன் கைக்கு நியாயம் வாங்கித் தரப்போகிற ஒரே சாட்சி ஏசி அறையில் இருக்கிறது என்று கேட்டு வனமாமலைக்கு மனசு குளிர்ந்தது. சாட்சி மேல் ‘ஆய்வில்’ என்ற அட்டை இருப்பதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹேமந்த் சார் வெளிநாட்டிலிருந்து வந்தார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் கைவிட்டார். விளிம்பைத் தடவினார். மறுபடி தடவினார். செந்தாமரை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு நின்றுபோனது அவளுக்கே கேட்டது.

மடிக்காத விளிம்பு. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் முதன்முதலாக அடித்த தொப்பிகளுக்கு மட்டுமே அப்படி. அவர் பல வருடமாக நாடு நாடாகத் தேடிக்கொண்டிருந்தது. போன மாதம் வந்த ஏலப் பெட்டியில் தன் கண்ணுக்குத் தப்பிக் கிடந்திருக்கிறது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்தடுத்து முடிவுகள் வரத் தொடங்கின. மஞ்சள் நிறமா? பாலைவன மஞ்சள், மணலோடு மணலாய்த் தெரியாமல் இருக்கப் பூசியது. ஆகவே இந்தியப் பட்டாளம் போய்ச் சண்டையிட்ட மெசபடோமியா. நைலான் பட்டையா? போர்க்களத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து வீரனே செய்துகொண்ட பழுது. அந்தக் காலத்து நெசவு என்ன உறுதி பார்த்தீர்களா. முகர்ந்தார். வேர்வை. அவர் கண்ணில் நீர் வந்தது. நூறு வருடத்து வேர்வை இப்போதுதான் காய்ந்த மாதிரி இருக்கிறது என்றார். அதை மட்டும் சரியாகச் சொன்னார்.

செந்தாமரை துணியைக் கீழே வைத்துவிட்டு, “சார், அது வந்து…” என்று ஆரம்பித்தாள்.

“செந்தாமரை, பக்கத்துல வராதீங்க. கை படக் கூடாது,” என்றார் சார், மிகவும் அன்பாக. சாவி போய்விடுமோ, சாவியோடு வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினாள்.

பிறகு அவர் பள்ளத்தில் கட்டை விரலை வைத்தார். கண்ணை மூடினார். பள்ளம் பேசியது. துப்பாக்கிக் குண்டு இல்லை. மேலிருந்து விழுந்த கனமான இரும்பு. அணிந்திருந்தவர் நிமிர்ந்து நிற்கவில்லை. குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். அடி வலது பக்கம். உயிர் போயிருக்காது. ஆனால் கழுத்து நரம்பு நசுங்கியிருக்கும். சில நாளில் வலது கை விரல்கள் மரத்துப்போயிருக்கும். அத்தனையும் அட்சர சுத்தம். காலமும் இடமும் மட்டும் லேசாகத் தவறியிருந்தன. அதற்காக ஓர் அறிஞரைக் குறை சொல்ல முடியுமா?

உள்பக்கம் ஏதோ கீறல் தெரிந்தது. எழுத்து. ஹேமந்த் சார் வடக்கே படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டமாட்டார். அந்தோணிராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

“அந்தோணி, இது என்ன ஸ்கிரிப்ட்? படிங்க.”

அந்தோணிராஜ் குனிந்தார். தான் தொட்டியில் எறிந்தது தன்னையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டார். அவர் முகத்தில் ஒரு கணம் எல்லா நிற ஹெல்மெட்டும் வந்து போனது. உண்மையைச் சொன்னால் பலகையில் முட்டை. முட்டை விழுந்தால் முதலில் உருளுவது அவர் தலை.

“வ… ன… மா… மலை. தமிழ்தான் சார்.”

“பேரா?”

“பழங்காலத்துப் பேர் சார். இப்பல்லாம் யாரும் வைக்கிறதில்ல.”

மெசபடோமியாவில் அடிபட்ட தமிழ் வீரன். பெயரோடு. உலகத்தில் எந்தச் சேகரிப்பாளனிடமும் இல்லாதது. சார் அந்தோணிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயரில்லாத தொப்பி வெறும் இரும்பு என்றும், பெயர் இருந்தால்தான் அது ஒரு மனிதன் என்றும் சொன்னார். அந்தக் காலத்து அதிகாரிகள் இந்த ஏழை மனிதனுக்கு அடிபட்டதைப் பதிவுகூடச் செய்திருக்க மாட்டார்கள். என்ன கல்நெஞ்சம் இருந்தால் அப்படிச் செய்ய மனசு வரும் என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றார் அந்தோணிராஜ்.

அன்று சாயங்காலம் செந்தாமரை பஸ் ஏறும் இடத்தில் வனமாமலையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“தம்பி, தப்பு ஆயிப்போச்சு. சாரு உன் தொப்பிய எடுத்துகினாரு. நீ செத்து நூறு வருசம் ஆவுதாம்.”

“எங்க வச்சுச் செத்தேனாம்?”

“பேரு வாயில நொழைய மாட்டேங்குது. துபாய்ப் பக்கம்னு வெச்சுக்கோயேன். ஆனா நீ சாவலயாம். கை மட்டும் பூட்சாம்.”

“அதைச் சரியாத்தானக்கா சொல்லிருக்காரு,” என்றான் வனமாமலை.

பாதுகாப்பு வாரம் வந்தது. பலகை பெரிய எண்ணைத் தொட்டது. கேட்டுக்குள் பந்தல். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கழுத்தில் சாமந்தி மாலையோடு முன்வரிசையில். பந்தல் நிறையாமல் போகவே, கோபால் தன் ஆட்களைக் கொண்டுவந்து பின்வரிசையில் நிறுத்தினார். அதில் வனமாமலையும் இருந்தான், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து. கையாலாகாதவனைத் தரை பெருக்க விட்டிருந்தார் கோபால். அதுவும் முடியாவிட்டால் மாதக் கடைசியில் ஊருக்கு வண்டி ஏறு என்று சொல்லியிருந்தார்.

மேடையில் பட்டுத்துணி மூடிய ஒரு பீடம். ஹேமந்த் சார் துணியை விலக்கினார். அங்கே, பித்தளைத் தகட்டின் மேல், குத்துவிளக்கு வெளிச்சத்தில், வடைச்சட்டி. பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, கோபால் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. சார் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக அரைமணி நேரம் பேசினார். மாவீரர் வனமாமலை. தாய்மண்ணிலிருந்து வெகுதூரம் வந்து, யாருக்காகவோ குனிந்து வேலை செய்தபோது தலையில் அடி வாங்கியவர். அவருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்ல ஆளில்லை. காயத்தை ஒத்துக்கொள்ள அதிகாரி இல்லை. தன்னிடம் உழைத்தவனின் அடியை மறைக்கிற எந்த ஸ்தாபனமும் நிலைத்ததில்லை என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்தோணிராஜ் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. வனமாமலையும் தலைகுனிந்து நின்றான். கழுத்து இருந்த நிலைக்கு அது அவனுக்குச் சுலபமாகவே வந்தது. தனக்குத் தானே அஞ்சலி செலுத்திக்கொள்ளும் பாக்கியம் எத்தனை தொழிலாளிக்கு வாய்க்கும்? அதையும் சம்பள நேரத்திலேயே கொடுத்தது நிர்வாகம். அந்த இரண்டு நிமிடத்தில் அவனுக்கு மாதக் கடைசி ஞாபகம் வந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. மௌனம் முடிந்ததும் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

“சார், வனமாமலை நாந்தான்.”

அந்தோணிராஜ்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். மேடைப் படியில் இறங்கி, “சார், இந்தப் பையனுக்கும் அதே பேருதான்,” என்றார்.

“இப்ப யாரும் வைக்கிறதில்லைன்னீங்களே?”

“குடும்பத்துக்குள்ள மட்டும் வைப்பாங்க சார். தாத்தா பேரைப் பேரனுக்கு.”

ஹேமந்த் சாரின் முகம் விளக்குப் போல மலர்ந்தது. வாரிசு. மாவீரனின் கொள்ளுப்பேரன், தன் தொழிற்சாலையிலேயே. வாடிக்கையாளர்களுக்கு மொழிபெயர்த்தார். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கிருந்தோ ஒரு பொன்னாடை வந்து வனமாமலையின் நசுங்கிய கழுத்தின் மேல் விழுந்தது.

“வாரிசு இல்ல சார். அடி வாங்குன ஆளே நாந்தான். மாசி மாசம். மூணாம் நம்பர் பிரஸ்ல. கிளாம்ப் விழுந்துச்சு. இந்தா பாருங்க, விரலு மடங்கல.”

சார் அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மூன்று தலைமுறை தாண்டியும் அந்த வலி ரத்தத்தில் ஓடி வருகிறது பாருங்கள் என்று சபைக்குச் சொன்னார். மறுபடி கைதட்டல். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்தார்.

இதற்கு மேல் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று வனமாமலைக்குப் புரிந்தது. பொய்யின் பக்கமாகவே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“அப்போ சார், அந்த அடியையாவது ஒரு வரி எழுதி சீல் வச்சுக் கொடுங்க. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்ல.”

“சார், அதெல்லாம் ஹெச்.ஆர்.…” என்று குறுக்கே வந்தார் அந்தோணிராஜ். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நூறு வருட அநியாயத்தை இன்றைக்கு நாம் சரிசெய்வோம் என்று சொல்லி, கம்பெனி பெயர் அச்சிட்ட தாளை வரவழைத்து, அங்கேயே, நின்றபடியே எழுதினார். செந்தாமரை மைப்பெட்டியையும் சீலையும் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு நின்றாள். “நல்லா அழுத்தி வெய்யி சார், அழியாத மாதிரி,” என்று மட்டும் சொன்னாள். பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். வனமாமலை இடது கையால் சாப்பிட்டான். மாவீரன் வழக்கப்படி என்று யாரோ சொன்னார்கள்.

கோபால் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். “இன்னாபா, மிலிட்டரி ஃபேமிலின்னு எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்று சிரித்தார். சிரித்தாலும் அவர் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வடைச்சட்டிக்கே குத்துவிளக்கு ஏற்றினால், கோணிக்கு என்ன ஏற்றுவார்கள்? அன்று மாலையே தன் ஆட்களின் தலையிலிருந்த அத்தனை தொப்பியையும் கழற்றி, கோணியில் கட்டி, ஹேமந்த் சார் அறை வாசலில் ‘பழம்பொருள்’ என்று இறக்கினார். மறுநாள் காலை ஷிஃப்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெறுந்தலையோடு நின்றார்கள். சார் பச்சைப் பாதையில் நடந்துபோனார். எல்லாம் சரியாக இருந்தது. பலகையில் எண் ஒன்று கூடியது. கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி அலமாரி வந்தது. ஜெனரேட்டரிலிருந்து இன்னொரு வயர் போனது.

வனமாமலை தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனான். ஞானம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இத்தனை தெளிவாகக் காயத்தை ஒத்துக்கொண்ட கம்பெனிக் கடிதத்தை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. கனமான இரும்பு, மேலிருந்து, வலது பக்கம், கடமையில் இருந்தபோது, கழுத்து நரம்பு, கை விரல்கள், வாழ்நாள் முழுதும் வைத்தியம் பெற உரியவர். கீழே கையெழுத்து. சீல். அழுத்தி வைத்தது.

“எல்லாம் சரியா இருக்குப்பா,” என்றார் அவர். “பேர் ஒத்துப்போகுது. காயம் ஒத்துப்போகுது. சீலும் இருக்கு. சம்பவம் நடந்த வருஷம்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறுன்னு போட்டிருக்கு.”

கண்ணாடியை இறக்கி, அவன் கழுத்தையும் துண்டையும் மடங்காத விரல்களையும் பார்த்தார். அரசாங்க வழக்கப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“இந்த வனமாமலைங்கிறவர் இப்ப உயிரோட இருக்காரா?”

“இருக்கேன் மேடம்,” என்றான் வனமாமலை. “கம்பெனிக்குத் தெரியாம இருக்கேன்.”